இரண்டு விரல் இடைவெளி

ஜூலை 28, 2025, திங்கள்

ஸ்லிங்கைக் கழற்றிவிட்டார்கள். காறை எலும்பு கூடியிருக்கிறதாம். இன்னும் ஒரு மாதத்துக்கு அந்த இடத்தில் அடிபடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். ஆகஸ்ட் 30 பேஸ்பால் ஆட்டத்துக்கு 33 நாள் இருக்கிறது. மட்டை பிடிப்பவர் நிற்கும் பிளேட்டுக்குப் பின்னால் நிற்கிற அம்பயர் நான். மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். அவரிடம் சொல்லவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

இடது கை கன்னம் வரை தூக்க வருகிறது. நெற்றிக்குப் போகவில்லை. மாஸ்க்கை இடது கையால்தான் கழற்ற வேண்டும். பந்துகளை எண்ணும் சின்னச் சக்கரம், இண்டிகேட்டர், அதுவும் அந்தக் கையில்தான். வலது கை ஸ்ட்ரைக், அவுட் என்று தீர்ப்பைக் காட்டுவதற்கு, அதில் எதுவும் இருக்கக் கூடாது.

ஜூலை 31, வியாழன்

தூக்கம் வரவில்லை. அந்தப் பந்தையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஃபவுல் டிப் பட்டுவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். மட்டையில் உரசி நேராகப் பின்னால் வரும் பந்தை, எனக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் கேட்சர் பிடித்தால்தான் அது ஃபவுல் டிப். என் மேல் பட்டது ஃபவுல், அவ்வளவுதான். இதைத் திருத்திச் சொன்னால் "இப்ப அதுவா முக்கியம்?" என்று கேட்கிறார்கள். எனக்கு முக்கியம்.

கடன் வாங்கின செஸ்ட் கார்டு. ஆறடி ஆளுக்குச் செய்தது. வார்களை எவ்வளவு இழுத்தும் என் மேல் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. மேல் விளிம்பு காறை எலும்புக்கு இரண்டு விரல் கீழே. கட்டும்போதே தெரிந்தது. ஆட்டம் தொடங்க எல்லோரும் காத்து நிற்கிறார்கள், இதற்குப் போய் நேரம் கேட்பதா என்று நினைத்துவிட்டேன். அந்த நினைப்பைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. பந்து 142 கிராமிலிருந்து 149 கிராமுக்குள் இருக்கும், நல்ல நேந்திரம்பழத்தின் கனம்கூட வராது. அது இரண்டு விரல் இடத்தைத் தேடி வந்து உட்கார்ந்தது.

இன்னொன்றும் உண்டு, அதை யாரிடமும் சொன்னதில்லை. மட்டையில் பந்து படும் சத்தம் வந்தபோது நான் கண்ணை மூடியிருந்தேன். பந்தைப் பார்க்கவே இல்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

அம்மா கஞ்சியைக் கொண்டு வைத்துவிட்டு, "கையில பிடிக்கதுக்குக் கேடயம் மாதிரி ஒண்ணும் கிடையாதா மக்ளே?" என்று கேட்டாள்.

இருந்தது. அமெரிக்காவின் இரண்டு பெரிய லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் அம்பயர்கள் 1970-கள் வரைக்கும் காற்றடைத்த மெத்தை மாதிரி ஒன்றை நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இன்னொன்றான நேஷனல் லீக்கில் சட்டைக்குள்ளே போடுகிற கார்டு. மெத்தையைப் பிடித்தவரால் தாழக் குனிய முடியாது, கேட்சரின் தலைக்கு மேலேதான் பார்வை போகும், முட்டி உயரத்தில் வரும் பந்து சரியாகத் தெரியாது. சட்டைக்குள் போட்டவர் கேட்சருக்கும் மட்டை பிடிப்பவருக்கும் நடுவில் உள்ள சந்தில் இறங்கி நிற்பார். மோவாய் கேட்சரின் உச்சந்தலை மட்டத்தில் இருக்கும். 17 அங்குல அகலப் பிளேட்டின் இரண்டு விளிம்பும் அங்கிருந்து தெரியும்.

எல்லாம் சொன்னேன்.

"தெரியாம போனா போவட்டு" என்றாள்.

ஆகஸ்ட் 2, சனி

அந்தப் பிள்ளை இன்றும் கிரவுண்டுக்கு வரவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மணிமேடையைச் சுற்றி உள்ள விளையாட்டுச் சாமான் கடைகள் எல்லாம் ஏறி இறங்கினேன். பேஸ்பால் என்றதும் மட்டையை எடுத்துக் காட்டுகிறார்கள். அம்பயருக்கு என்றால் கிரிக்கெட் தொப்பி. ஒரு கடைக்கார அண்ணாச்சி மட்டும் பொறுமையாகக் கேட்டார், "பின்னால நிக்கவங்களுக்கும் பேடா?" என்று வியந்துவிட்டு, உள்ளே போய்த் தூசி தட்டிச் சில சாமான்கள் எடுத்து வந்தார்.

கிரிக்கெட் பேட் ஆகாது, பேண்டுக்குள் போகாது. தூத்தூர்ப் பக்கத்துப் பையன்கள் ஃபுட்பாலுக்குக் கட்டுகிற ஷின் கார்டு போகும், ஆனால் அது முட்டியை மூடாது, பாதத்தின் மேல்பக்கத்தையும் மூடாது. அம்பயரின் லெக் கார்டு முட்டி, கணுக்கால், பாத மேடு மூன்றையும் மூட வேண்டும், அதே நேரம் பேண்டுக்குள் அடங்க வேண்டும். கேட்சர் கட்டுவது பெரிது, அதற்கு வெளியே கட்டிக்கொள்ள உரிமை உண்டு. எனக்கு இல்லை.

இடுப்புக் காப்பு டேக்வாண்டோ சொல்லிக்கொடுக்கும் ஒரு அக்காவிடம் கிடைத்தது. பெண்களுக்கென்றே செய்தது. ஆண்களுக்குத்தான் அது தேவை என்று அம்பயர் பயிற்சி கிளினிக்கில்கூட ஒருவர் சொன்னார். இடுப்பெலும்பு ஆண்களுக்கு மட்டுமா இருக்கிறது?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாஸ்க். நான்கு நாளாக இதே யோசனை.

ஹாக்கி கோல்கீப்பர் ஹெல்மெட் மாதிரி தலை முழுவதும் மூடுவது ஒன்று. முகத்துக்கு மட்டும் கம்பிக்கூடும் பின்னால் வார்ப்பட்டையும் உள்ளது இன்னொன்று, அது பழைய வகை. ஹெல்மெட்டில் காதுப் பக்கமும் உச்சியும் பத்திரம். மட்டை சுழன்று பின்னால் வந்தால்கூடத் தலை தப்பும். பழைய வகையில் அந்த இடங்கள் திறந்து கிடக்கும், ஆனால் பந்து பட்டால் மாஸ்க் திரும்பும், சில சமயம் தெறித்தே விழும், போகும்போது அடியின் வேகத்தில் ஒரு பங்கைக் கூடவே கொண்டுபோகும். அதனால்தான் வாரை இறுக்கிக் கட்டக் கூடாது என்பார்கள். இறுக்கினால் மாஸ்க் திரும்பாது, அடி தாடைக்கு இறங்கும். தொளதொளவென்று விட்டால் கம்பி கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும்.

அம்மாவைக் கேட்டால் ஹெல்மெட் என்பாள். என் தோளைக் கேட்டால் பழைய வகை. ஹெல்மெட்டைக் கழற்ற உச்சிக்கு மேல் கை போக வேண்டும். பந்து மேலே எழும்பினால் நொடியில் முகம் திறந்து பார்க்க வேண்டும். கம்பி மாஸ்க் என்றால் கீழே பிடித்து முன்னால் இழுத்தால் வந்துவிடும்.

மீரட்டிலிருந்து வரவழைக்கச் சொல்லிவிட்டேன். இரும்புக் கம்பி. டைட்டானியம் என் சம்பளத்துக்கு எட்டாது.

ஆகஸ்ட் 7, வியாழன்

மஸ்கட்டிலிருந்து அத்தான் பேசவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

அத்தான் பேசினார். என் அளவுக்குச் சொல்லியிருந்த செஸ்ட் கார்டு அவர் கைக்கு வந்துவிட்டது. ஓணத்துக்கு லீவு, செப்டம்பர் 2-ம் தேதி டிக்கெட்.

செப்டம்பர் 2.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஜென் பாவோல், அமெரிக்க அம்பயர். சனிக்கிழமை அட்லாண்டாவில் ஓடுகிறவர்களைப் பார்க்கும் பேஸில் நின்றார், நேற்று பிளேட்டுக்குப் பின்னால். அங்கே உச்ச மட்டமான மேஜர் லீக்கின் ரெகுலர் சீசன் ஆட்டத்தில் அம்பயராக நின்ற முதல் பெண். வயது 48. 1972-ல் பெர்னிஸ் கெரா கீழ்நிலை லீக்கில் ஒரே ஒரு ஆட்டம் நின்றுவிட்டு விலகினார். பாம் போஸ்டெமா 13 சீசன் கீழ்நிலை லீக்குகளில் நின்றும் மேலே எடுக்கவில்லை, 1989-ல் அனுப்பிவிட்டார்கள்.

பள்ளிக்கூட இடைவேளையில் வீடியோவை எட்டுத் தடவை பார்த்திருப்பேன். ஸ்ட்ரைக்கை நான் பார்க்கவே இல்லை. சட்டைக் காலருக்கும் தோளுக்கும் நடுவில் உள்ள இடத்தைப் பார்த்தேன். அவர் கார்டு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று போனைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கழுத்தின் அடி வரை வந்திருக்கிறது. இடமே இல்லை.

அப்புறம் இன்னொன்றும் பார்த்தேன். ஒரு பந்து மட்டையில் பட்டுப் பின்னால் போகிறது. அவர் தலை அசையவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

கோட்டாற்று டெய்லர் அண்ணாச்சியிடம் சாம்பல் நிறத் துணி கொடுத்தேன். இரண்டு பேண்ட், ஒன்று பிளேட்டுக்கு, ஒன்று பேஸுக்கு. பிளேட் பேண்ட் முட்டிக்குக் கீழே லூஸாக இருக்க வேண்டும், உள்ளே லெக் கார்டு. "பெல்பாட்டம் மாதிரியா மக்ளே?" என்றார். இல்லை, இடுப்பிலிருந்தே ஒரே அகலம். லெக் கார்டைக் கட்டிக்கொண்டு அங்கேயே குனிந்து காட்டினேன். கடையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும், குனியும்போது துணி முட்டியில் இழுத்தால் அன்றைக்குப் பூராவும் இழுக்கும். ஒன்பது இன்னிங்ஸ் முடிவதற்குள் இருநூறு முந்நூறு தடவை குனிந்து நிமிர வேண்டியிருக்கும்.

நீலச் சட்டை, நேவி ப்ளூ. பிளேட்டுக்கு இரண்டு அளவு பெரிது, ஏனென்றால் கார்டின் மேல்தான் சட்டை.

தொப்பிக்கும் அவரிடமே வழி இருந்தது. பிளேட்டில் நிற்பவர் தொப்பியின் முன்பக்கம் குட்டையாக இருக்க வேண்டும், மாஸ்க்குக்குள் இடிக்காமல். அமெரிக்காவில் அதில் ஓடும் தையல் வரிசையை எண்ணி நாலு தையல் தொப்பி, ஆறு தையல் தொப்பி என்று கேட்டு வாங்குவார்கள். இங்கே சாதாரணக் கறுப்புத் தொப்பியை வாங்கி, முன்பக்கத்தைப் பிரித்து, உள்ளே இருந்த அட்டையை வெட்டி, மறுபடி தைத்துக் கொடுத்தார். எண்ணிப் பார்த்தேன். நாலு வரிசை ஓட்டியிருக்கிறார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம். கட்டட வேலைக்காரர்கள் போடும் சேஃப்டி ஷூவோடு அணிவகுப்பு முன்னால் நின்றேன். விரல்களுக்கு மேல் இரும்பு இருக்கிறது, பாத மேட்டுக்கு இல்லை. அங்கே லெக் கார்டின் நாக்கு வரவேண்டும்.

அந்தப் பிள்ளை மூன்றாம் வரிசையில் நின்றாள். என் தோளைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆடி போய்விட்டது, காற்று போகவில்லை. ஆரல்வாய்மொழி மைதானத்துக்குப் போய் வந்தேன், 30-ம் தேதி ஆட்டம் அங்கேதான். கணவாய் வழியாக வருகிற காற்று ஆளைத் தள்ளுகிறது. முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் எல்லாம் சுற்றிக்கொண்டிருந்தன. மாஸ்க்கைக் கழற்றிப் பழகினேன். முதல் தடவை தொப்பியும் சேர்ந்து பறந்தது. பத்தாவது தடவையில்தான் தொப்பி தலையில் நின்றது, மாஸ்க்கை மேலே தூக்காமல் நேராக முன்னால் எடுத்தால் நிற்கிறது. பிளேட்டைத் துடைக்கும்போது பந்து எறியும் பிட்சருக்கு முதுகு காட்டித்தான் குனிய வேண்டும், துடைத்து நிமிர்வதற்குள் மறுபடி மண். சின்ன பெயிண்ட் பிரஷ் போதாது, முடி அடர்த்தியாக உள்ளது வேண்டும்.

கை நெற்றிக்குப் போகிறது!

ஆகஸ்ட் 19, செவ்வாய்

போட்டி நடத்துகிறவர்களில் ஒருவர் போன் செய்தார். மூன்றாவது பேஸ் போதுமே, பிளேட்டுக்கு வேறு ஆள் போடலாமே, பெண்பிள்ளை, போன தடவை வேறு அடிபட்டது என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், அது தெரிந்ததால் இன்னும் எரிந்தது. அடிபட்டது நான் பெண் என்பதால் இல்லை, எனக்கு அளவில்லாத கார்டைக் கட்டிக்கொண்டதால். போன தடவை அதைக் கட்டியிருந்தது ஐந்தடி ஆண் என்றால் அவனுக்கும் இதே எலும்புதான் உடைந்திருக்கும்.

சொந்தமாகக் கார்டு இருக்கிறதா என்று கேட்டார்.

இருக்கிறது என்றேன். அது மஸ்கட்டில் இருக்கிறது.

ஆகஸ்ட் 20, புதன்

இரவு முழுக்க மழை. அம்மாவிடம் அமெரிக்க கேட்சர் ஸ்டீவ் யேகர் கதையைச் சொல்லியிருக்கக் கூடாது. 1976-ல் மட்டை பிடிக்கத் தன் முறைக்காகக் காத்து நின்றவரின் கழுத்தில் உடைந்த மட்டைச் சில்லு குத்தியது. அதற்குப் பிறகுதான் மாஸ்க்கின் தாடைக்குக் கீழே ஆடுகிற பலகையை அவர் அணியின் ட்ரெய்னர் பில் பூலர் செய்தார். பத்திரமாக இருக்கிறது என்று காட்டுவதற்காகச் சொன்னேன். அம்மா சில்லை மட்டும் எடுத்துக்கொண்டாள். காலையிலிருந்து மூன்று தடவை, "கழுத்துக்கு வச்சியா?"

ஆகஸ்ட் 22, வெள்ளி

அம்பயர் குரூப்பில் செய்தி. எல்லோரும் வெளிர் நீலச் சட்டை. நேவி இல்லை. ஒரே நிறத்தில்தான் நிற்க வேண்டும், அது சரிதான், நாலு பேர் நாலு நிறத்தில் நின்றால் தீர்ப்பும் நாலாகத் தெரியும். ஆனால் எட்டு நாளைக்கு முன்னாலா சொல்வது? மறுபடி கோட்டாறு. அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் நாடாவை எடுத்தார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அத்தானின் ரூம்காரர் ஒருவர் நாளைக்கு விமானம் ஏறுகிறாராம். களியக்காவிளைக்காரர். கார்டை அவர் பெட்டியில் போட்டுவிட இடம் கேட்டிருக்கிறார். ஏழு கிலோ பேரீச்சம்பழத்தை எடுத்து வைத்துவிட்டு இடம் கொடுத்தாராம் அந்த மனிதர்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பள்ளிக்கூடம் விட்டதும் வடசேரியிலிருந்து பஸ் ஏறி, மார்த்தாண்டத்தில் நெரிசலில் நின்று, களியக்காவிளை போய்ச் சேர இருட்டிவிட்டது. அவர் வீட்டில் பழம்பொரியும் சாயாவும் கொடுத்தார்கள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். பஸ்ஸிலேயே பிரித்தேன். கெட்டியான பிளாஸ்டிக் தகடுகள், உள்ளே பஞ்சு மெத்தை, தோளில் தனித் தகடு. குழித்துறைப் பாலம் தாண்டும்போது மடியில் வைத்துத் தட்டிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த பாட்டி, "நெஞ்சுக்கு ஆபரேஷனா மக்ளே?" என்று கேட்டாள்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. விடுமுறை. காலையிலிருந்து கண்ணாடி முன்னால்.

வார் நான்கையும் அவிழ்த்து மறுபடி கோர்த்தேன். நிமிர்ந்து நின்றால் மேல் விளிம்பு எலும்பை மூடுகிறது. குனிந்து கையை முட்டியில் வைத்தால் முன்னால் சரிந்து ஒரு விரல் இடம் விடுகிறது. முதுகு வாரை ஒரு இஞ்ச் இறக்கினேன். அரை விரல். தோள் தகட்டுக்கு அடியில் ஸ்பாஞ்ச் வைத்தேன். இடமில்லை. மூச்சு இழுத்தேன், விட்டேன், கையைத் தூக்கி ஸ்ட்ரைக் சொன்னேன், மறுபடி விரலை வைத்துப் பார்த்தேன். இடமில்லை. கொழுக்கட்டை ஆறிப்போய்விட்டது என்று அம்மா மூன்று தடவை கூப்பிட்டாள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

டாக்டர் சொன்ன ஒரு மாதம் இன்றோடு முடிந்தது.

அந்தப் பிள்ளையை வகுப்பிலிருந்து கூப்பிட்டேன். முழு உடுப்போடு வலைக்கு முன்னால் நின்றுகொண்டு, "எறி" என்றேன். டென்னிஸ் பந்துதான். அழுதாள். "மிஸ், நான் அடிச்ச பந்துதான் மிஸ்" என்றாள். உன் மட்டையில் பட்டது நல்ல பந்து, நான் அதைப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை, அதற்குத்தான் நீ இப்போது எறிய வேண்டும் என்று சொன்னேன்.

முதல் பந்து முழங்காலில் வந்து விழுந்தது. அப்புறம் எறிந்தாள். கண் மூடினால் இண்டிகேட்டரை ஒரு பல் தள்ளுவது என்று வைத்துக்கொண்டேன். இருபது பந்தில் அது இரண்டு சுற்று முடிந்து மூன்றாம் சுற்றுக்கு வந்துவிட்டது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

பேஸ்பால் பந்து. பத்தடி தூரத்திலிருந்து, மெதுவாக. நெஞ்சில் மூன்று, தோள் தகட்டில் ஒன்று, மாஸ்க்கில் ஒன்று. மாஸ்க் திரும்பியது, தாடை வலிக்கவில்லை. எலும்பு இருக்கும் இடத்தில் பட்டபோது சத்தம் மட்டும் கேட்டது.

இருபதில் நான்கு.

அவள் நாளை வருகிறேன் என்றாள். வரட்டும்.

ஆகஸ்ட் 30, சனி, காலை 4.40

மழை இல்லை. காற்று இருக்கிறது, தென்னை ஓலைச் சத்தம் நிற்கவே இல்லை. வெளிர் நீலச் சட்டையைத் தேய்த்து வைத்தாயிற்று. அம்மா எழுந்து அடுக்களையில் விளக்கைப் போட்டுவிட்டாள். கேட்பதற்கு முன்னால் கழுத்துப் பலகையைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வருகிறேன்