திங்கட்கிழமை நீலம்

மளிகைக் கடையின் அடி அலமாரியில் இன்று ஒரு சொட்டு நீலம் பாட்டில், தூசி படிந்து கிடந்தது.

மனசு போனது 1950-களின் லீட்ஸுக்கு, இங்கிலாந்தின் ஒரு நகரத்துக்கு. முதுகோடு முதுகு ஒட்டிய செங்கல் வீடுகள், நிலக்கரிப் புகை, திங்கட்கிழமை என்றால் துணி துவைப்பு.

அங்கே நீலம் ஒரு சின்னத் துணி முடிச்சு. கடைசி அலசல் தண்ணீரில் நாலு சுற்று சுற்றி, பிழிந்து எடுத்துவிட வேண்டும். தண்ணீர் வெளிர் வானம் மாதிரி ஆனால் போதும். முடிச்சு உள்ளேயே கிடந்தாலும், துணியை அலசாமல் ஊறவிட்டாலும் திட்டுத் திட்டாகப் பிடித்துக்கொள்ளும். நீலம் அழுக்கை எடுக்காது. வெள்ளைத் துணியில் ஏறிய மஞ்சள் நிறத்தை மறைக்கும், அவ்வளவுதான்.

அடுத்து மேங்கிள், துணி பிழியும் கருவி. இரண்டு மர உருளை, ஒரு கைப்பிடி. பொத்தானை உள்பக்கம் மடித்துக் கொடுக்காவிட்டால் படக்கென்று உடையும். விரல் மாட்டினால் கேட்கவே வேண்டாம்.

கொல்லைப்புறம் கிடையாது. தெருவின் குறுக்கே கொடி. வண்டி வந்தால் கழியால் தூக்கிப் பிடிக்க வேண்டும்.

துணி போடுவதற்கு முன் கொடியைத் துடைக்க வேண்டும். துடைத்த துணி கன்னங்கரேல் என்று வரும்.

காயும் வெள்ளை விரிப்பில் கரித்துகள் விழுந்ததா? கை வைக்கக் கூடாது. ஈரத்தில் தேய்த்தால் கோடாக இழுத்துவிடும். காயவிட்டு, ஊதித் தட்ட வேண்டும்.

1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. ஆனால் புகையில்லாப் பகுதிகள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன. அதுவரை அந்தக் கரித்துணிக்கு ஓய்வில்லை.