அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வு: பெங்களூரிலிருந்து நான் தயாரான விதம்

அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வு என்றதும் நம்மவர்கள் முதலில் தேடுவது கேள்வி-பதில் தொகுப்பைத்தான். பள்ளியில் குடிமையியலை மனப்பாடம் செய்து பக்கம் பக்கமாக எழுதிப் பழகியவர்களுக்கு அது இயல்பே. ஆனால் இங்கே அதிகாரி எதிரே அமர்ந்து கேட்கக் கேட்க வாயால் பதில் சொல்ல வேண்டும். ஆகவே கண்ணைவிடக் காதைப் பழக்குவதே முதல் வேலை என்பேன்.

அப்பாவைக் கவனித்துக்கொள்வதற்காக பெங்களூர் அல்சூரில் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தபோதுதான் பெரும்பகுதியைப் படித்தேன். அமெரிக்க வாடிக்கையாளர்களோடு தினமும் பேசும் வேலையில் இருக்கும் அண்ணன் மகள், நான் உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வதைத் தடுப்பதற்காகவே பக்கத்து அறையிலிருந்து போனில் அழைத்துக் கேள்வி கேட்பாள். நேரில் கேட்கும்போது அவள் சொன்ன ஒரு திருத்தம் மிகவும் உதவியது: "அத்தை, புரியலைன்னா தலையை ஆட்டாதீங்க. திரும்பச் சொல்லுங்கன்னு கேளுங்க." எப்போதாவது கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா என்று அதிகாரி கேட்கும்போது, மரியாதைக்காகத் தலையசைத்து வைப்பது நல்லதல்ல; திரும்பச் சொல்லும்படி கேட்பதற்குத் தடையேதும் இல்லை.

நான் சென்றபோது குடிமையியல் தேர்வில் 100 கேள்விகள் கொண்ட பட்டியலிலிருந்து பத்து வரை கேட்டார்கள். ஆறு சரியானால் போதும். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் பட்டியல் 128 ஆகியிருக்கிறது. அதில் 20 வரை கேட்பார்கள், 12 சரியாக இருக்க வேண்டும். நம் அரசமைப்பைத் தெரிந்தவர்கள் அதையே பிடிமானமாகக் கொள்ளலாம். மாநிலங்களவை உறுப்பினரைப் போலவே அமெரிக்க மேலவை உறுப்பினரான செனட்டருக்கும் பதவிக்காலம் 6 ஆண்டுகள். ஆனால் மாநிலங்களவைக்குத் தமிழ்நாடு 18 பேரையும் கர்நாடகம் 12 பேரையும் அனுப்ப, அங்கே சிறிய மாநிலமானாலும் பெரிய மாநிலமானாலும் செனட்டர்கள் இருவர்தான். நம் மக்களவைக்கு 5 ஆண்டுகள், அவர்களுடைய பிரதிநிதிகள் சபைக்கு 2 ஆண்டுகளே. இப்படி ஒப்பிட்டுப் படித்தவை எனக்கு மறக்கவில்லை. அதிபர், சபாநாயகர், உங்கள் மாநில ஆளுநர் ஆகியோரின் பெயர்களை மட்டும் நேர்காணலுக்கு முந்தைய நாள் மீண்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வாசிக்கவும் எழுதவும் தலா மூன்று வாக்கியங்கள் வரை தருவார்கள். ஒவ்வொன்றிலும் ஒன்று சரியாக அமைந்தால் போதும். இதற்கு அதிகம் மெனக்கெட வேண்டாம்.

மெனக்கெட வேண்டியது குடியுரிமை கேட்டு நாம் அனுப்பும் என்-400 விண்ணப்பத்துக்குத்தான். அதிலுள்ள விவரங்களை அதிகாரி ஒவ்வொன்றாகக் கேட்க நாம் சொல்லும் பதில்களிலிருந்தே நம் ஆங்கிலப் பேச்சு மதிப்பிடப்படுகிறது. அமெரிக்காவுக்கு விசுவாச உறுதிமொழி எடுப்பது, அந்நாட்டுக்காக ஆயுதம் ஏந்துவது, சர்வாதிகாரக் கட்சியில் இருந்தது பற்றிய கேள்விகளுக்கு ஆம், இல்லை என்று மட்டும் பழகிப் போனால், "அப்படியென்றால் என்ன?" என்று கேட்கும் இடத்தில் திணற நேரிடும். எளிய ஆங்கிலத்தில் ஒரு வரி விளக்கத்தைத் தயாராக வைத்திருங்கள். ஐந்தாண்டுப் பயணங்களின் தேதிகளையும் கடவுச்சீட்டு முத்திரைகளோடு ஒப்பிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பெற்றோருக்காகப் பெங்களூருக்கு வந்து தங்குபவர்கள், ஒரே பயணம் ஆறு மாதத்தைத் தாண்டினால் அமெரிக்காவில் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைக்குச் சிக்கல் வரும் என்பதையும், பொது விதிப்படி ஐந்தாண்டுகளில் 30 மாதங்களாவது அமெரிக்க மண்ணில் இருந்திருக்க வேண்டும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

வயதானவர்களுக்குச் சலுகை உண்டு. கிரீன் கார்டுடன் (நிரந்தரமாக வசிக்கும் உரிமை அட்டை) 20 ஆண்டுகள் வசித்த 50 வயதினரும், 15 ஆண்டுகள் வசித்த 55 வயதினரும் ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்குப் பெற்று, மொழிபெயர்ப்பாளர் துணையோடு தமிழிலேயே குடிமையியல் தேர்வை முடிக்கலாம். ஏதாவது ஒரு பகுதியில் தவறினால், 60 முதல் 90 நாட்களுக்குள் அந்தப் பகுதிக்கு மட்டும் மறுவாய்ப்பு தருவார்கள்.

உறுதிமொழி எடுத்துக்கொண்ட அன்றே இந்தியக் குடியுரிமை முடிந்துவிடும். அதன்பின் இந்தியக் கடவுச்சீட்டில் ஊருக்கு வர முடியாது. அமெரிக்கக் கடவுச்சீட்டு கைக்கு வந்து, பழையதை ஒப்படைத்துச் சான்று பெற்று, ஓ.சி.ஐ. அட்டையோ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) விசாவோ கிடைக்கும்வரை பெங்களூர்ப் பயணம் இல்லை என்பதால், வீட்டில் உடல்நலமில்லாத பெரியவர்கள் இருப்பவர்கள் அந்த இடைவெளியைக் கணக்கிட்டே விண்ணப்பிக்க வேண்டும்.