நீர்: சரி

பாபநாசம் போகும் சாலையில் காலை நடைக்குப் போனால், வகிடு எடுத்துச் சீவியதுபோல் தலைமயிர் பிரிந்த நாட்டுக்குரங்குகள் மதில்மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும். கையில் பை வைத்திருப்பவர்கள் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாகக் கடந்துவிடுவார்கள். நான் நின்று பார்ப்பேன். வயிறு ஒட்டியிருக்கிறதா, கண் தெளிவாக இருக்கிறதா, விரல்களில் காயம் உண்டா என்று என்னை அறியாமலே கண் ஓடும். முப்பது ஆண்டு உத்தியோகம் உடம்பை விட்டு அவ்வளவு எளிதில் போவதில்லை.

விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்தவன் நான். அப்பா மில் தொழிலாளி. எனக்கு அந்த மில்லில் இடம் கிடைக்கவில்லை. ஓர் இரவு ரயில் பயணத் தொலைவில் இருந்த நகரத்தில், ஒரு மருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் விலங்குப் பராமரிப்பாளர் வேலை கிடைத்தது. ஊரில் கேட்டால் “மருந்து கம்பெனி” என்று சொல்லிவிடுவேன். குரங்கு என்று சொன்னால் அம்மா சாப்பிடாமல் இருந்துவிடுவாள். ஆஞ்சநேயருக்கு வெண்ணெய் சாத்துகிறவளிடம் எதைச் சொல்வது?

வேலை என்னவோ எளிமையானதுதான். காலையில் கூண்டுகளின் அடித்தட்டைக் கழுவ வேண்டும். பெல்லட் தீவனம் வைக்க வேண்டும். கூண்டின் பின்புறம் குழாயிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சிறு பித்தளைக் குமிழை நிப்பிள் என்போம். குரங்கு நாக்கால் அழுத்தினால் தண்ணீர் வரும். ஒவ்வொரு நிப்பிளையும் விரலால் அழுத்தி, நீர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு கூண்டில் தொங்கும் அட்டையில் தீவனம், நீர், கழிவு, நடத்தை என்ற நான்கு கட்டங்களிலும் டிக் போட்டுக் கையெழுத்திட வேண்டும்.

போன புதிதில் எங்களுக்குச் சொல்லித்தந்த கால்நடை மருத்துவர் நல்ல மனிதர். குரங்கால் உங்களுக்கு ஆபத்து என்று நினைக்கிறீர்கள், உங்களால்தான் அதற்கு ஆபத்து அதிகம் என்பார். நம்முடைய காசநோய் குரங்குக்கு ஒட்டினால் ஒரு கூடமே காலியாகிவிடும். அதனால் எங்களுக்கு மார்பு எக்ஸ்ரே எடுப்பார்கள். குரங்குகளுக்கு மேலிமையில் ஊசி போட்டு மூன்று நாள் வீக்கம் பார்ப்பார்கள். மனிதனைப் போலவே குரங்கின் உடம்பும் வைட்டமின் சி-யைத் தானாக உண்டாக்கிக்கொள்ளாது. மூட்டையில் நாள்பட்ட தீவனத்தில் அந்தச் சத்து செத்துவிடும். ஒருமுறை கிடங்கில் பழைய மூட்டைகளையே மாதக்கணக்கில் போட்டதில் நான்கைந்து குரங்குகளுக்கு ஈறு வீங்கி ரத்தம் கசிந்தது. மருத்துவரிடம் அனுமதி கேட்டு, லீவில் ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது ஒரு பை மலைநெல்லிக்காய் கொண்டுபோனேன். முதல் கடியில் முகத்தைச் சுளித்து என் மேலேயே துப்பின. இரண்டாவது நாள் கையை நீட்டிக் கேட்டன.

சோதனைக்காகக் குரங்கு சாவதை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி எனக்கு ஒரே கருத்து கிடையாது. என் பெரியம்மா மகன் ஒரு காலை இழுத்துக்கொண்டே அறுபது வயது வரை வாழ்ந்தான், இளம்பிள்ளைவாதம். அந்த நோய்க்குத் தடுப்பு மருந்து செய்யக் குரங்கின் சிறுநீரகச் செல்கள்தான் பயன்பட்டன. இந்தியாவிலிருந்து செங்குரங்குகள் ஆயிரமாயிரமாக விமானத்தில் போயின. 1955இல் லண்டன் விமான நிலையத்தில் அடைத்துவைத்த வேனுக்குள் முந்நூறுக்கும் மேற்பட்ட குரங்குகள் மூச்சுமுட்டிச் செத்தன. சோதனை மேசையை அவை கண்ணால்கூடப் பார்க்கவில்லை. 1978இல்தான் நம் அரசு ஏற்றுமதியை அடியோடு நிறுத்தியது. இந்தியாவில் கடைசிப் போலியோ நோயாளி 2011இல் பதிவானபோது எனக்கு அண்ணனும் நினைவுக்கு வந்தான், அந்த வேனும் நினைவுக்கு வந்தது. எதை முதலில் நினைத்தேன் என்று கேட்காதீர்கள்.

நான் சொல்ல வந்தது அந்த வேனில் செத்த குரங்குகளைப் போன்ற ஒன்றைப் பற்றி. எந்த ஆய்வுக்கும் பயன்படாமல் செத்தது அது.

1994ஆம் ஆண்டுப் பொங்கல் வெள்ளிக்கிழமை வந்தது. சனி, ஞாயிறும் சேர்ந்து எல்லோருக்கும் மூன்று நாள் லீவு. நெல்லை எக்ஸ்பிரசில் டிக்கெட் கிடைக்காத இரண்டு பேர் மாட்டிக்கொண்டோம்: நானும் கல்லிடைக்குறிச்சிக்காரத் தம்பி ஒருவனும். போகி அன்று மதியம் குழாய் பழுதுபார்க்க ஆள் வந்து, தண்ணீரை நிறுத்தி, ஏதோ தட்டிக் கொட்டி, மாலையில் திறந்துவிட்டுப் போனான். அதில் கிளம்பிய துரு ஒரே ஒரு நிப்பிளில் போய் அடைத்துக்கொண்டது. தனிமைக் காப்பு அறையின் கடைசிக் கூண்டு. தொடையில் 47 என்று பச்சை குத்தியிருந்த, இரண்டு கிலோகூடத் தேறாத பெண்குட்டி. வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. எந்த ஆய்விலும் அதைச் சேர்த்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நான் டூட்டி. முதல் நான்கு கூண்டுகளில் நிப்பிளை அழுத்தினேன். தண்ணீர் பீய்ச்சியது. மற்றவற்றிலும் வரும் என்று அழுத்தாமலே டிக் போட்டுக்கொண்டு போனேன். விடுதியில் பொங்கல் வைத்திருந்தார்கள், ஆறிவிடும் என்ற அவசரம்.

சனிக்கிழமை தம்பி. இரவு என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னான்: “அண்ணாச்சி, 47ஆம் நம்பர் ரொம்ப நல்ல பிள்ளை. தட்டு அப்படியே காய்ந்து கிடக்கிறது, கழுவுகிற வேலையே இல்லை. பெல்லட்டைத் தொடவில்லை. ஆனால் ஒரு துண்டு கரும்பு போட்டேன், சக்கையைக்கூட விடவில்லை. திரும்பத் திரும்பக் கடித்து உறிஞ்சுகிறது.”

“இனிப்புப் பழகிவிட்டது போலிருக்கிறது” என்றேன். இருவரும் சிரித்தோம்.

தட்டு காய்ந்திருக்கிறது என்றால் சிறுநீர் இல்லை. உலர்ந்த தீவனத்தைத் தொடவில்லை என்றால் விழுங்க வாயில் ஈரம் இல்லை. கரும்பில் அது தேடியது இனிப்பாக இருக்காது. இவற்றை எனக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. ஒன்பது வருடம் அதே வேலையில் இருந்தவன் நான். வேறு யாராவது இதைச் சொல்லிக் கேட்டிருந்தால் அடுத்த நிமிடம் ஓடிப்போய் நிப்பிளை அழுத்தியிருப்பேன். அந்த இரவு என் காதில் விழுந்தது ‘கழுவும் வேலை இல்லை’ என்பது மட்டும்தான்.

ஞாயிறு மறுபடி நான். தரையைக் கழுவ ஹோஸ் பிடித்தபடி அந்த அறைக்குள் போனபோது, அது கம்பிக்கு வெளியே கையை நீட்டியது. உள்ளங்கையைக் குழித்து நீட்டியது. விளையாடுகிறது, மேலே தண்ணீர் பட்டால் குளிரில் நடுங்கும் என்று ஹோஸை அந்தப் பக்கம் திருப்பினேன். கரிசனமாம்! அட்டையில் நடத்தை என்ற கட்டத்தில் ‘சுறுசுறுப்பு’ என்று எழுதியதாக நினைவு.

திங்கள் காலை கூண்டின் மூலையில், பின்கம்பியில் முகத்தை ஒட்டிச் செத்துக் கிடந்தது. வாய் நிப்பிளுக்குக் கீழே இருந்தது. கையில் எடுத்தபோது எடையே இல்லை. வயிற்றுத் தோலைக் கிள்ளினேன். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. அப்புறம்தான் நிப்பிளை அழுத்தினேன்.

பிரேதப் பரிசோதனை செய்தவர் புதிதாக வந்தவர். எங்களுக்குச் சொல்லித்தந்த மருத்துவர் அதற்கு முன்பே வேறு வேலைக்குப் போய்விட்டார். உடம்பு வறண்டிருக்கிறதே என்று அவருக்கும் சந்தேகம் வந்தது. கூண்டு அட்டையை வாங்கிப் பார்த்தார். வெள்ளி, நீர்: சரி. சனி, நீர்: சரி. ஞாயிறு, நீர்: சரி. மூன்று கையெழுத்து. அப்படியானால் தண்ணீர்க் குறைவாக இருக்க முடியாது, வயிற்றுப்போக்காக இருக்கும் என்று அவர் முடிவுக்கு வந்தார். தட்டில் வயிற்றுப்போக்கின் அடையாளமே கிடையாதே என்று சொல்ல நான் வாயைத் திறக்கவில்லை. தம்பி என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். ‘குடல் அழற்சி’ என்று எழுதிக் கோப்பு மூடப்பட்டது. ஆண்டறிக்கையில் அது ‘பிற காரணங்கள்’ என்ற வரியில் ஓர் எண்ணாகச் சேர்ந்தது. அந்த வரியில் இன்னும் பல எண்கள் இருந்தன. அவற்றில் எத்தனை உண்மையிலேயே பிற காரணங்கள் என்று அன்றிலிருந்து எனக்குச் சந்தேகம்.

அன்று மாலை யாரிடமும் சொல்லாமல் ஒரு ஸ்பானர் எடுத்துப் போய் அந்த நிப்பிளைக் கழற்றினேன். கடுகளவு துரு.

1998இல் விலங்குச் சோதனைகளுக்கென்று மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. பதிவு, நெறிமுறைக் குழு, ஆய்வு என்று எல்லாம் வந்தன. நல்லதுதான். ஆனால் குழு வரும் தேதி எங்களுக்கு முன்பே தெரிந்துவிடும். முதல் நாள் பினாயில் மணக்கும், வாழைப்பழம் வந்து இறங்கும், அட்டைகள் புதிதாக எழுதப்படும். குழுவின் நிபந்தனையை மீறினால் என்ன தண்டனை என்று ஒருநாள் சட்டப் புத்தகத்தைத் தேடிப் பார்த்தேன். 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் எழுதியிருந்த உச்சபட்ச அபராதம் 200 ரூபாய். செங்கோட்டை பார்டர் கடையில் குடும்பத்தோடு பரோட்டா சாப்பிட அது போதாது.

இது நம் நாட்டு வியாதி மட்டும் என்றும் நான் நினைக்கவில்லை. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் குரங்கு ஆய்வு மையத்தில் அடுத்தடுத்துக் குரங்குகள் செத்தன. தண்ணீர் கிடைக்காமல் வறண்டவையும் அவற்றில் உண்டு. 2013இல் 24,036 டாலர் அபராதம் கட்டினார்கள், 2015இல் மையத்தையே மூடிவிட்டார்கள். நெவாடாவில் 2008இல் அறையின் வெப்பக் கருவி கெட்டு 32 குரங்குகள் ஒரே இடத்தில் வெந்து செத்தன. 2020இல் ஆரிகனில், கூண்டு கழுவும் கொதிநீர் இயந்திரத்துக்குள் இரண்டு குரங்குகளோடு கூண்டைத் தள்ளிவிட்டார் ஒரு ஊழியர். அதைப் படித்த என் மகள், இப்படியும் ஒருவன் இருப்பானா என்று கேட்டாள். இருப்பான். மாலை நேரம், ஷிஃப்ட் முடியப்போகிறது, கூண்டுகளை எண்ணுகிற மனம் உள்ளே இருப்பதை எண்ணுவதில்லை. அவன் அரக்கனாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அன்றைக்கு வீட்டில் அவனுக்கும் ஏதாவது ஆறிக்கொண்டிருந்திருக்கும்.

தம்பி இப்போது அம்பாசமுத்திரத்தில் இருக்கிறான். பொங்கலுக்குப் பொங்கல் ஒரு கட்டு அப்பளத்தோடு வருவான். தாமிரபரணியில் தண்ணீர் எவ்வளவு, பேரன் எந்த வகுப்பு என்று பேசுவோம். போன வருடம் வாசலில் சாய்த்து வைத்திருந்த கரும்பைப் பார்த்துவிட்டு அவனே ஆரம்பித்தான்.

“அண்ணாச்சி, அந்த சனிக்கிழமை நான்தானே...”

“அட்டையில் மூன்று நாள் இருக்கிறது” என்றேன். “அதில் இரண்டு என் கையெழுத்து.”