நெஞ்சு நோவு என்று வந்தவர்கள்

ஜூன் 5, வியாழன்

மழை விட்ட நேரத்தில் மரமேறும் அண்ணன் ஒருவரை ஆட்டோவில் கொண்டு வந்தார்கள். தென்னையின் பாதி உயரத்திலிருந்து வழுக்கி விழுந்திருக்கிறார். தானே இறங்கி எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் படியேறி வந்தார். “சதை நோவுதான் சிஸ்டரே, ஒரு ஊசி போட்டா போரும்.” நெஞ்சைச் சுற்றித் துவர்த்தை (துண்டை) இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

அதை அவிழ்த்து, சட்டையைக் கழற்றி, கால்மாட்டில் நின்று பார்த்தேன். இடப்பக்கம் ஏறி இறங்கியது, வலப்பக்கம் அசையவே தயங்கியது. விலாமேல் விரல் வைத்ததும் தோலுக்கடியில் நெல்பொரி நொறுங்குவது போல நறநறத்தது. நுரையீரலிலிருந்து கசிந்த காற்று அது. டாக்டர் ஸ்டெத் வைத்தார்; வலப்பக்கம் மூச்சுச் சத்தமே இல்லை. ஆக்ஸிஜன் வைத்து, 108-இல் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினோம்.

கூட வந்த மைத்துனர், “நெஞ்சு நோவுக்கு ஆஸ்பிரின் நல்லதுல்லா?” என்று கேட்டார். அடிபட்ட நெஞ்சுக்கு ஆகவே ஆகாது, உள்ளே ரத்தம் கசிந்தால் நிற்காது. துவர்த்துக் கட்டும் வேண்டாம். இழுத்து மூச்சு விட முடியாமல் சளி தேங்கி நிமோனியா வந்துவிடும்.

ஜூன் 6, வெள்ளி

விலா இடுக்கில் டியூப் போட்டுக் காற்றை எடுத்துவிட்டார்களாம். மைத்துனர் போன் செய்தார். சிலருக்கு இந்தக் காற்று கூடிக்கொண்டே போய் இதயத்தையே ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். கழுத்து நரம்பு புடைக்கும், பிரஷர் விழும். அப்போது எக்ஸ்ரேவுக்குக் கூடக் காத்திருக்காமல் டாக்டர் ஊசி குத்திக் காற்றை வெளியேற்றுவார். பேசுகிறாரே, நடக்கிறாரே என்பதை வைத்து நெஞ்சுக் காயத்தை எடை போடவே கூடாது.

ஜூன் 10, செவ்வாய்

அண்டியாபீஸில் (முந்திரி ஆலையில்) வேலை பார்க்கும் அக்கா, ஐம்பது வயதிருக்கும். ரொம்ப நாளாகச் சர்க்கரை. நெஞ்சு நோவு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தாடை கடுக்கிறது, வாந்தி வருவது போல ஓங்கரிக்கிறது, அவ்வளவுதான். “வாயுவாக்கும். சுக்கு வெள்ளம் குடிச்சேன், சோடாவும் குடிச்சேன், கேக்கல்ல.” வீட்டுக்காரரின் ஸ்கூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து வந்திருக்கிறார்.

வெளியே மழைக்குளிர். அக்காவின் ஜாக்கெட் முதுகோ வியர்வையில் ஒட்டிக் கிடந்தது. ஓ.பி. சீட்டுக்கு நிற்க விடாமல் உடனே படுக்க வைத்து இ.சி.ஜி. எடுத்தோம். இப்படி வருகிறவருக்கு 10 நிமிடத்துக்குள் எடுத்தாக வேண்டும். இதயத்தின் கீழ்ச்சுவரில் அட்டாக். 2023-இல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டத்து மாத்திரைகளைக் கொடுத்தோம்: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8. அப்புறம் இவரும் ஆசாரிப்பள்ளத்துக்கு.

நெஞ்சு நோவுக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரையை டாக்டர் தரவில்லை. கீழ்ச்சுவர் அட்டாக்கில் இதயத்தின் வலது அறையும் அடிவாங்கியிருந்தால் அது பிரஷரைச் சட்டென்று இறக்கிவிடும். அதைப் பக்கத்து வீட்டில் வாங்கி நாக்கடியில் வைத்துக்கொள்கிற பழக்கம் நம் ஊரில் உண்டு, எனக்கு அதில் பெரிய பயம். சர்க்கரைக்காரர்களுக்கும் பெண்களுக்கும் அட்டாக் பல நேரம் நெஞ்சைத் தொடாமலேயே வருகிறது. வியர்வையும் ஓங்கரிப்பும் சேர்ந்து வந்தால் சோடா கடைக்குப் போகாதீர்கள்.

ஜூன் 15, ஞாயிறு

மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுப் பையன்கள் கரையில் இருப்பதால் கடற்கரையில் முதலுதவிப் பயிற்சி வைத்தோம். தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சில்லை என்றால் ஒருவர் 108-ஐ அழைக்க, இன்னொருவர் நடு நெஞ்சில் அழுத்த வேண்டும். 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. எப்போதாவது வாய் திறந்து திணறினால் அதை மூச்சு என்று நினைத்து நிறுத்தக்கூடாது. கடலில் மூழ்கியவருக்கு முதலில் வாய்வழி மூச்சு கொடுத்துவிட்டுத்தான் அழுத்த ஆரம்பிக்க வேண்டும், அவருக்குக் காற்றில்லாமல்தான் இதயம் நின்றிருக்கும்.

“விலா ஒடிஞ்சா?” என்றான் ஒருவன். ஒடியலாம் மக்களே, ஒடிந்தாலும் நிறுத்தாதே.

மீன் விற்கும் அக்கா ஒருவர் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் அவரும் மாரடைப்பு வந்து பிழைத்த கணவரும் மட்டும்தானாம். “நான் ஒத்தையில எப்படி?” 108-ஐ அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டு, இரு கைகளாலும் நெஞ்சை அழுத்தச் சொன்னேன். பயிற்சிப் பொம்மையை அவர் அழுத்திய அழுத்தில் பையன்கள் வாயடைத்துப்போனார்கள். அடுத்த பயிற்சி பெண்களுக்கு மட்டும், மீன் ஏலம் முடிகிற நேரம் பார்த்து வைக்க வேண்டும்.