மாஹிமில் ஒரு புதன்கிழமை

அம்மா போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்துகொண்டேன், ஒரு மண்டலம் விரதம் இருந்தேன், அம்மா பிழைக்கவில்லை. அதன்பிறகு வீட்டில் விளக்கேற்ற எனக்குக் கை வரவில்லை. "பத்து நாள் இங்கே வந்து இரு" என்று அண்ணன் டிக்கெட் எடுத்து அனுப்பினார். மும்பைக்கு ரயில் ஏறினேன்.

அண்ணன் வீடு தாராவியில், 90 அடி சாலைக்குப் பக்கத்துச் சந்தில். தோல் பதனிடும் வேலைக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் தலைமுறைகளாக வேர்விட்ட ஊர் அது. காலையில் இட்லிக்கடை ஆவி, பூக்கட்டும் பெண்களின் பேச்சு, எங்கள் ஊர்ச் சொற்கள். ஆனாலும் நான் யாரோடும் ஒட்டாமல்தான் இருந்தேன்.

புதன்கிழமை மதினி தலை நிறையப் பூ வைத்து, குங்குமம் இட்டுக்கொண்டு கிளம்பினார். "மாதா கோயிலுக்குப் போகிறேன். சும்மா கூட வா."

மாஹிம் ரயில் நிலையப் பாலத்தைக் கடந்து நடந்தோம். புனித மிக்கேல் ஆலயம் மும்பையின் மிகப் பழைய கத்தோலிக்க ஆலயங்களில் ஒன்று. இப்போதைய கட்டடம் பிற்காலத்தது. 1948 செப்டம்பர் 8 அன்று இங்கே இடைவிடா சகாய மாதா நவநாள் தொடங்கியது. அன்றிலிருந்து புதன் என்றாலே மாஹிமில் கூட்டம்தான். ஒன்பது புதன் தொடர்ந்து வந்து வேண்டினால் கேட்டது கிடைக்கும் என்பது நம்பிக்கை. பர்தா அணிந்த பெண்கள், மராத்திப் பாட்டிகள், அலுவலகப் பையோடு இளைஞர்கள் எல்லோரும் ஒரே வரிசையில் நின்றார்கள். இத்தனை மதத்தார் இவ்வளவு அமைதியாகத் தோள் உரசி நின்று நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வாசலில் மெழுகு உருவங்கள் விற்கிறார்கள். வீடு வேண்டுவோருக்கு வீடு, பிள்ளை வேண்டுவோருக்குக் குழந்தை, நோய்க்குக் கை, கால், கண். மெழுகுக் கால் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். ஐந்து விரலும் திருத்தமாக இருந்தன. வெயிலில் குதிகால் இளகிப் பிசுபிசுத்தது. கடைசி மாதங்களில் நான் பிடித்துவிட்ட அம்மாவின் வீங்கிய கால் நினைவுக்கு வந்தது. கீழே வைத்துவிட்டேன்.

உள்ளே மாதா படம். குழந்தை இயேசு இரண்டு கைகளாலும் தாயின் கையைப் பற்றியிருக்கிறார். இருபுறமும் வானதூதர்கள் சிலுவையையும் ஈட்டியையும் காட்ட, பயந்து ஓடிவந்து தாயிடம் ஏறிக்கொண்டாராம். ஓடிய வேகத்தில் ஒரு செருப்பு கழன்று, வாரில் தொங்குகிறது. அந்தச் செருப்பிலிருந்து என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

செபத்தின் நடுவே, பலன் பெற்றவர்கள் எழுதிய கடிதங்களை வாசித்தார்கள். பெயர் இல்லை. வேலை கிடைத்தது, தேர்வில் தேறினேன் என்று சில. பிறகு ஒன்று: குடியை விட்டு நாற்பத்தோரு நாள் ஆகிறதாம். இன்றும் கை நடுங்குகிறது, கடையைத் தாண்டும்போது மனம் இழுக்கிறது, நாளை என்ன ஆவேனோ தெரியாது, ஆனாலும் இந்த நாற்பத்தோரு நாளுக்கு நன்றி என்று எழுதியிருந்தார்.

வேண்டியது முழுதாகக் கிடைத்தால்தான் நன்றி என்று நான் கணக்கு வைத்திருந்தேன். அந்த மனிதர் பாதி வழியில் நின்றுகொண்டு நன்றி சொல்கிறார். எனக்கு அழுகை பொங்கியது. பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத அம்மா என் முதுகைத் தடவிக்கொண்டே செபத்தைத் தொடர்ந்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை.

திரும்பும் வழியில் டீக்கடையில் நின்றோம். இருபது வருடத்தில் சொல்லாததை மதினி அன்றுதான் சொன்னார். கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் இந்தி தெரியாது. இரண்டு கரு அடுத்தடுத்துக் கலைந்தது. ஊருக்குச் சொல்ல வெட்கம். அடுத்த வீட்டுத் தூத்துக்குடி அக்காதான் கையைப் பிடித்து இங்கே அழைத்து வந்து, விண்ணப்பத்தைத் தமிழில் எழுதிப் போட்டாராம்.

"அப்புறம்தான் செல்வி பிறந்தாளா?"

"அது இரண்டு வருடம் கழித்து. ஆனால் அன்று ராத்திரி நான் தூங்கினேன். அதுதான் எனக்குப் பெரிது."

"ஏன் மதினி, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை?"

"உன் அம்மாவுக்குத் தெரியும். மாசாமாசம் முருகன் திருநீறு தபாலில் அனுப்புவார்கள். அதையும் பூசிக்கொண்டுதான் இங்கே வருவேன்."

அம்மா என்னிடம் ஒரு நாளும் இதைச் சொன்னதில்லை. டீ ஆறிப்போயிருந்தது. மதினி தன் பர்ஸைத் திறந்து, மடித்து மடித்துப் பழுத்துப்போன காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்தார். மேலே அம்மாவின் கோணல் எழுத்தில் மதினியின் பெயர். உள்ளே ஒரு சிட்டிகை திருநீறு மிச்சம் இருந்தது. நெற்றியை நீட்டினேன்.