சீஸ் தட்டில் அன்னாசிக்குத் தனிக் கிண்ணம்

விருந்துக்குப் பழமும் சீஸும் அடுக்குகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது அன்னாசியில்தான். புதிதாக நறுக்கிய அன்னாசியில் புரோமிலைன் என்ற நொதி இருக்கிறது. அது பால் புரதத்தை உடைப்பதால், ஒட்டி வைத்த சீஸ் கொழகொழத்து லேசாகக் கசக்கத் தொடங்கும். கிவி, பப்பாளியையும் தள்ளியே வையுங்கள்.

ஆப்பிள் கறுக்காமலிருக்க ஒரு கப் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு கலந்து 3 நிமிடம் போட்டெடுக்கலாம். துணியால் ஈரத்தை ஒற்றிய பிறகே தட்டுக்கு. திராட்சையும் அப்படித்தான், ஈரம் பட்டால் செடார் (கெட்டியான ஒரு வகை சீஸ்) பிசுபிசுக்கும்.

ஆளுக்கு 30 கிராம் சீஸ், 100 கிராம் பழம் போதும். 30 கிராம் செடாரில் சுமார் 120 கலோரி, 7 கிராம் புரதம், 200 மில்லிகிராம் கால்சியம். கூடவே 6 கிராம் அளவுக்கு நிறைவுற்ற கொழுப்பு, கணிசமான உப்பு (விளம்பரத்தில் இது வராது). நார்ச்சத்து அறவே இல்லை. அதற்கு என் ஓட்டு கொய்யாவுக்கு, விலையும் கட்டுப்படி.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே சீஸுக்கு மணம் இருக்காது. 30 நிமிடம் முன்னால் வெளியே எடுங்கள். சென்னை மே மாதத்தில் 15 போதும், மீறினால் கொழுப்பு கசியும். 32 டிகிரிக்கு மேல் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் தட்டு காலியாகிவிட வேண்டும். கர்ப்பிணிகளுக்கு பிரீ, கமம்பேர் போன்ற மென்சீஸ் வேண்டாம், லிஸ்டீரியா என்ற பாக்டீரியா தொற்றும் அபாயம்.