பெரியம்மாவ இல்லத்தில இருந்து கூட்டிக்கொண்டு வந்த கதை

2021 ஓகஸ்ட் 20 இரவு கொவிட்டால நாட்டைப் பூட்டினாங்கள், பெரியம்மா இருந்த முதியோர் இல்லம் அதுக்கு ஒரு கிழமைக்கு முதலே கேற்றைப் பூட்டிட்டுது. அவட பிள்ளையள் ரெண்டு பேரும் கனடாவில, திருகோணமலையில நான் மட்டும்தான். எங்கட வீடு உவர்மலையில, இல்லம் நிலாவெளி ரோட்டுப் பக்கம், சைக்கிள்ல இருபது நிமிசம். 22ஆம் திகதி அவவக் கூட்டிக்கொண்டு போகவோ எண்டு இல்லத்தில கேட்டன், கூட்டிக்கொண்டு வந்தது செப்டெம்பர் 9.

சாப்பாடு குடுத்தா கேற்றடியில வாங்குவினம், இடியப்பப் பார்சலுக்கு மேலயும் மருந்து ஸ்ப்ரே அடிப்பினம், அதை ஆர் சாப்பிடுறது. வட்ஸ்அப் வீடியோவில பெரியம்மாட முகத்தை விட மேல சுத்துற ஃபேனைத்தான் கூடப் பாத்தன். ஒருநாள் மெல்லமா சொன்னா, "தம்பி, பக்கத்துக் கட்டில் மெத்தையைச் சுருட்டி வச்சிருக்கு." அவ்வளவுதான், அதுக்குப் பிறகு எனக்கு நித்திரை இல்லை.

ரெண்டு நாளில இல்லத்தில இருந்து ஒரு ஃபோர்ம் வந்திச்சு. தொற்று வந்தா நிர்வாகம் பொறுப்பில்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதா இல்லையா எண்டு நிர்வாகமே முடிவெடுக்கும், உறவினர் கையெழுத்து. நானும் பயத்தில கையெழுத்து வச்சு ஃபோட்டோ எடுத்து அனுப்பிட்டன். இதைச் சொல்ல வெக்கமாத்தான் இருக்கு.

பிறகு தெரிஞ்ச லோயர் ஒராளிட்டக் கேட்டன். அவர் கேட்ட முதல் கேள்வி, "பெரியம்மாக்கு நினைவு தெளிவா இருக்கோ?" ரிட்டயர்ட் ரீச்சர், பேப்பரை எழுத்துக்கூட்டாம கடைசிப் பக்கம் வரைக்கும் வாசிக்கிறவ, பென்சன் கணக்கு சதம் பிசகாமச் சொல்லுவா எண்டன். "அப்ப நீர் ஏன் கையெழுத்து வச்சனீர்?" சுயபுத்தியோட இருக்கிற வளந்த ஆளுக்காக மகனோ பெறாமகனோ கையெழுத்து வைக்கிறது பழக்கமே தவிர சட்டம் இல்லையாம். மச்சான் கனடாவில இருந்து பெரியம்மாட்ட அற்றோணி, அதாவது அவவுக்காக அலுவல் பாக்கிற அதிகாரப் பத்திரம், எழுதி வாங்கி வச்சிருக்கிறன் எண்டு துள்ளினவர், அது காணி அலுவலுக்கு எழுதினது, அதோட பெரியம்மாக்கு நினைவு தவறினா அந்த அற்றோணியும் செல்லாமப் போயிடும். அப்பிடி வந்தா மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் போகோணும். "பொறுப்பில்லை" எண்டு எழுதி வாங்கினாலும், கவலையீனத்தால உயிரோ உடம்போ பாதிக்கப்பட்டா அந்த வரி நிக்காது, நியாயமில்லாத ஒப்பந்த நிபந்தனைகளைப் பற்றி 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு எண்டார்.

ஆனா ஒண்டு, இல்லம் தன்ர பாட்டில கேற்றைப் பூட்டுறது வேற, எம்ஓஎச் எண்ட சுகாதார வைத்திய அதிகாரி தனிமைப்படுத்தல் போடுறது வேற. ரெண்டாவதுக்குப் பின்னால 1897ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் நிக்குது, அதோட மல்லுக்கட்ட ஏலாது. பிஎச்ஐக்கு, அதுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு, எடுத்துக் கேட்டன், அந்தக் கட்டிடத்துக்கு அப்பிடி ஒண்டும் போடேல்ல எண்டார். சரி எண்டு வெளிக்கிட நினைக்க, 26ஆம் திகதி அங்க வேலை செய்யிற பிள்ளை ஒண்டுக்கு பொசிட்டிவ். பதினாலு நாள் உண்மையாவே பூட்டு.

அந்தப் பதினாலு நாளில பிரதேச செயலகத்தின்ர முதியோர் உரிமை உத்தியோகத்தரைப் போன்ல பிடிச்சன். 2000ஆம் ஆண்டு முதியோர் உரிமைச் சட்டம் வந்தபிறகு இப்பிடி ஆக்கள் இருக்கினம் எண்டு எனக்கு அதுவரை தெரியாது. அவ என்னோட கனக்கக் கதைக்கேல்ல, இல்லத்துக்கு எடுத்து பெரியம்மாட்டப் போனைக் குடுக்கச் சொல்லி நேர கேட்டா, போக விருப்பமோ எண்டு. நாங்கள் ஒருத்தரும் கேக்காத கேள்வி. பெரியம்மா விருப்பம் எண்டிட்டு, "ஆனா என்னைக் குளிப்பாட்டுற பிள்ளையை ஒண்டும் சொல்லாதேங்கோ" எண்டாவாம். உண்மைதான், மூண்டு பிள்ளையள் வீட்டுக்குப் போகாம சாப்பாட்டு அறையில பாய் விரிச்சுப் படுத்ததுகள். என்ன சம்பளம் வரும் எண்டு எனக்குத் தெரியும்.

பெரியம்மா பிறகு சொன்ன ஒரு விசயம். 2020 ஏப்ரலில இருந்து கொவிட்டில செத்த எல்லாரையும் எரிக்கத்தான் வேணும் எண்டு இருந்திச்சு, 2021 பெப்ரவரியிலதான் அடக்க விட்டாங்கள், அதுவும் மார்ச்சில மட்டக்களப்புப் பக்கம் ஓட்டமாவடியில. எரிச்ச அந்த நாளில கிண்ணியா முஸ்லிம் அம்மா ஒராள் இரவில போர்வைக்குள்ள நடுங்கிக்கொண்டு, "எனக்குக் காய்ச்சல் எண்டு ஆருக்கும் சொல்லிராதீங்க" எண்டு பெரியம்மாட கையைப் பிடிச்சவவாம். ஒரு ஹோலுக்குள்ள அத்தினை வயசாளிகள், ஒருத்தி காய்ச்சலை மறைக்கிறா. ஆரில பிழை சொல்லுறது?

9ஆம் திகதி அன்ரிஜன் நெகட்டிவ், பிஎச்ஐ துண்டு தந்தார், ஓட்டோ வந்திச்சு. இல்லத்தில இன்னொரு பேப்பரை என்னட்ட நீட்டிச்சினம். நான் பேனையோட பெரியம்மாட்டக் குடுத்தன். கண்ணாடி போட்டு ரெண்டு பக்கமும் வாசிச்சு, "சுயவிருப்பு" எண்டதில ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தி, பிறகுதான் கையெழுத்து வச்சா. ஓட்டோக்காரன் மூண்டு தரம் ஹோர்ன் அடிச்சிட்டான்.

வீட்டு கேற்றில பிஎச்ஐ பதினாலு நாள் ஸ்டிக்கர் ஒட்டேக்க வாசல்ல கதிரை போட்டு இருந்து பாத்துக்கொண்டு, "இங்கையும் பூட்டோ தம்பி?" எண்டு கேட்டா.